பொருத்தம் பார்த்த ஆயிரத்து முந்நூறு வரி

அம்மாருக்கு அசுவினி நட்சத்திரம் என்று எங்கள் வெப்சைட் சொன்ன அன்றுதான் ஹபிபுல்லா பாய் முதன்முறையாகக் குரலை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

“தமிழ்மாறா, இங்க வா. இதப் படி.”

படித்தேன். அம்மார் அவருடைய அக்கா மகன். லப்பைக்குடிக்காட்டுக்காரர், அபுதாபியில் ஏசி மெக்கானிக். நிக்காஹுக்குப் பெண் தேடி எங்களிடம் பதிவு செய்திருந்தார். ஐந்து வேளையும் தொழுகிற அந்த மனிதரின் விவரத் தாளில் நட்சத்திரம் அசுவினி, கணம் தேவம், யோனி குதிரை என்று அழகாக அச்சாகியிருந்தது.

“எங்க அக்கா போன்ல அழுவுது. குதிரைன்னா என்னடா தம்பின்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில், மாடியில், திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார் பாய். சவூதியிலிருந்து திரும்பி வந்து முதலில் பிரவுசிங் சென்டர்தான் போட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் ஜாதகம் கேட்டதால், நட்சத்திரத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத அவர் 2004-இல் பொருத்தம் பார்க்கிற வெப்சைட் ஒன்றுக்கு முதலாளியானார். அதை எழுதிக்கொடுத்தவன் நான். அப்போது எனக்குப் பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழி தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரை வந்த காரணம் எனக்குத் தெரியும். பதிவு செய்வது, தேதியைச் சரிபார்ப்பது, பத்துப் பொருத்தமும் பார்ப்பது, டேட்டாபேஸில் போடுவது, தாளில் அடிக்கத் தயார் செய்வது எல்லாமே ஒரே ஃபங்ஷனுக்குள், அதாவது புரோகிராமின் ஒரே துண்டுக்குள் இருந்தன. ஆயிரத்து முந்நூற்று நாற்பது வரி. நட்சத்திரக் கட்டத்தைக் காலியாக விட்டால் உள்ளே ஏதோ ஒரு மூலையில் முதல் நட்சத்திரமான அசுவினியைப் போட்டு நிரப்பிவிடும். முஸ்லிம் வரன்களுக்குப் பொருத்தம் வேண்டாம் என்று விலக்கலாமென்றால், பொருத்தத்தை உருவினால் பதிவும் சேர்ந்து வந்துவிடும். சேலையோடு சேர்த்துப் பாவாடையையும் ஆணியில் மாட்டிக் கிழிக்கிற கதைதான். இரண்டு வருடமாக அங்கே ஒன்றைத் தொட்டால் இங்கே ஒன்று உடையும். உடைந்ததற்கு மேலே, இப்படி இருந்தால் அப்படிச் செய் என்று ஒரு ‘இஃப்’ போட்டு ஒட்டுவேன். பழைய பிரதிகளுக்கு ‘கடைசி’, ‘கடைசி2’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைத்திருந்தேன். எனக்கே அந்த ஃபைலைத் திறக்கப் பயம். பயத்தை மறைக்கத்தான் கேட்கிறவர்களிடம் எரிந்து விழுவேன்.

“பாய், இத முழுசாப் பிரிச்சுத் திரும்ப எழுதணும். மூணு வாரம் குடுங்க.”

“வைகாசியில அரியலூர்ல கிளை தொறக்கறோம். அதுக்குள்ள முடி. ஆனா ஒண்ணு. உள்ள என்ன வேணா மாத்திக்க. வெளிய வர்ற முடிவு ஒண்ணுகூட மாறக் கூடாது. நேத்து பொருத்தம்னு சொல்லிட்டு இன்னிக்கு இல்லன்னா செருப்பாலயே அடிப்பாங்க.”

அவர் சொன்னது சரி. நான் படித்த புத்தகங்களிலும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஃபங்ஷன்மேல் எனக்குச் சொந்த வெறுப்பு ஒன்றும் உண்டு. போன ஆனி மாதம் செட்டிகுளம் கோயிலில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஜோதி, செந்துறை, அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அவள் அப்பா ராசாங்கம் செந்துறைத் தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். மலைப்படி இறங்கும்போது இரண்டு பேரையும் ஐந்து நிமிடம் தனியே விட்டார்கள். “கம்ப்யூட்டர் வேலைன்னா கோவம் வருமாமே, வருமா?” என்று கேட்டாள். “வரும்” என்றேன். “எனக்கும் வரும்” என்றாள். அவ்வளவுதான். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. சிரித்த விதத்தில் அவளுக்கும் என்று தெரிந்தது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “பொருத்தம் பார்க்க எங்கயும் போவ வேணாங்க, எங்க ஆபீஸ்லயே பார்த்துடலாம், நான் எழுதினதுதான்” என்று எல்லோரையும் வேனில் ஏற்றி பெரம்பலூருக்கே கூட்டிவந்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் ஜாதகம் எழுதுகிற பழக்கமே எங்கள் தலைமுறையில்தான் வந்தது. என் அப்பா எந்த வருடம் பிறந்தார் என்பது அவரைப் பெற்றவர்களுக்கே தெரியாது. பண்ணை வேலைக்குப் போனவர்களுக்கு யார் வந்து நாள் குறித்து வைத்தார்கள்? அதனால் அச்சடித்து வருகிற தாள் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தனி மரியாதை. பெண் சுவாதி, பையன் மிருகசீரிடம் என்று நானே தட்டினேன். நானே பிரிண்ட் எடுத்தேன். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தது என் அம்மா கொளஞ்சியம்மாள்.

“ரஜ்ஜு... இல்லை.”

மற்றப் பொருத்தங்களில் ஏழு இருந்தன. யாரும் கேட்கவில்லை. ரஜ்ஜு இல்லையென்றால் தாலிக்கு ஆகாது; அதற்கு மேல் பேச்சு கிடையாது. ராசாங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, நாம என்ன பண்றது” என்றார். ஜோதி என்னைப் பார்க்கவில்லை, பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு ஒரு நாள் வருத்தம். எனக்கு எட்டு மாதமாகிறது, இன்னும் போகவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஃபைல் முழுவதையும் பிரிண்ட் எடுத்து, இருபத்தேழு தாளையும் ஆபீஸ் தரையில் வரிசையாகப் பரப்பினேன். பொருத்தம் பார்க்கிற வரிகளுக்குப் பச்சை, பதிவுக்கு நீலம், அச்சுக்குச் சிவப்பு என்று ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். ஐந்தாவது தாளுக்குள் மூன்று நிறமும் குழம்பித் தரை ஹோலி மாதிரி ஆகிவிட்டது. பதிவு வேலை பார்க்கிற சமீரா தாள்களை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனார்.

“மாறன் சார், இத எழுதனவன் கையில கெடச்சா என்ன பண்ணுவீங்க?”

“நான்தாங்க எழுதினேன்.”

“தெரிஞ்சுதான் கேட்டேன்.”

பிறகு ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். தினப் பொருத்தத்துக்கு ஒரு ஃபங்ஷன், கணத்துக்கு ஒன்று, மகேந்திரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இருபது வரிக்குள். பெண் நட்சத்திரம், பையன் நட்சத்திரம் இரண்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். உண்டு, இல்லை என்று ஒரு பதிலைத் திருப்பித் தரும். வேறெதிலும் கை வைக்காது. பெயரைப் படித்தாலே என்ன செய்கிறது என்று தெரியும். ஒவ்வொரு துண்டும் வெளியே வரும்போது முள் எடுத்த மாதிரி இருந்தது. மதியம் சாப்பிடப் போகும்போது விசில் அடித்தேன் என்று சமீரா சொன்னார். நான் விசில் அடித்து அங்கே யாரும் கேட்டதில்லை.

பத்தும் முடிந்த பிறகு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பெண்ணுக்கு இருபத்தேழு நட்சத்திரம், பையனுக்கு இருபத்தேழு. மொத்தம் எழுநூற்று இருபத்தொன்பது ஜோடி. எல்லாவற்றையும் பழைய ஃபங்ஷனிலும் புதிய ஃபங்ஷன்களிலும் ஓட்டி, பதில் மாறுகிற இடத்தை மட்டும் காட்டச் சொன்னேன். பாய் கேட்ட உத்தரவாதம் அதுதான். ஒன்றும் காட்டாது என்ற நினைப்பில் டீ சொல்லிவிட்டு ஓட விட்டேன்.

இருநூற்று எழுபத்தாறு இடத்தில் மாறியது.

டீ ஆறிப்போனது. ஒன்பது பொருத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ரஜ்ஜு வரியில் மட்டும் இருநூற்று எழுபத்தாறு. ஆக, ரஜ்ஜுவை வெட்டி எடுத்தபோது எதையோ கெடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் அந்தப் பதினாறு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு தடவை அழித்து எழுதினேன். நான்கு தடவையும் இருநூற்று எழுபத்தாறு. சமீரா சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவரிடம் கத்தினேன். பத்து நிமிடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன்; “பரவாயில்ல, வழக்கந்தானே” என்றார்.

மூன்றாம் நாள் காலையில்தான் புத்தி வந்தது. புதியது தப்பு என்று எனக்கு யார் சொன்னது? பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மாறிய ஜோடிகளில் பத்தை விரல் விட்டுப் பார்த்தேன். பத்திலும் புதியதுதான் சரி.

அப்புறம் பழையதைத் தரையில் கிடந்த தாள்களிலேயே படித்தேன். பதினான்காவது தாளில், யோனிப் பொருத்தத்தின் நடுவில் இருந்தது. யோனிப் பட்டியலை நான் பூஜ்யத்திலிருந்து எண்ணி எழுதியிருந்தேன். நட்சத்திரமோ ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் பெண் நட்சத்திர எண்ணில் ஒன்றைக் கழித்திருந்தேன். கழித்தது தப்பில்லை, கழித்ததைத் திரும்பக் கூட்டவில்லை. பையன் எண்ணை மட்டும் அப்படிக் கெடுக்காமல் பட்டியலுக்குள்ளேயே கழித்திருந்தேன். நடுவில் டீ குடித்துவிட்டு வந்து எழுதியிருப்பேன். யோனிக்குக் கீழே இருநூறு வரி தள்ளி ரஜ்ஜு. யோனிக்குப் பிறகு பெண் நட்சத்திர எண்ணைத் தொடுவது அது ஒன்றுதான். ரஜ்ஜுப் பட்டியல் ஒன்றிலிருந்தே தொடங்கியது. அங்கே போய்ச் சேர்ந்த பெண்களெல்லாம் ஒரு நட்சத்திரம் முன்னால் பிறந்தவர்களாக ஆகியிருந்தார்கள். சுவாதி சித்திரையாகிவிடும். சித்திரையும் மிருகசீரிடமும் ஒரே ரஜ்ஜு; இருவருக்கும் ஒரே ரஜ்ஜு என்றால் பொருத்தம் கிடையாது.

புதிய புரோகிராமில் சுவாதி, மிருகசீரிடம் என்று தட்டினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

ரஜ்ஜு: உண்டு.

எட்டு மாதமாக நட்சத்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தை நிறுத்தியவன் நான்தான். என் கையாலேயே எழுதி, என் கையாலேயே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. சமீரா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பாயிடம் சொன்னேன். அவருக்கு முதலில் தோன்றியது வேறு.

“இல்லாததை இருக்குன்னும் சொல்லியிருக்கா?”

“நூத்து நாப்பத்தோரு ஜோடிக்கு அப்படிச் சொல்லும் பாய்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. நம்பிக்கை இல்லாதவர்தான், ஆனால் நம்புகிறவர்கள் நம்மை நம்பி நடத்திய கல்யாணம் அல்லவா. எங்கள் மூலமாக நடந்த கல்யாணம் முப்பத்து நான்கு. சமீரா பழைய விவரங்களை எடுத்து வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாகப் புதியதில் போட்டுப் பார்த்தேன். பாய் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார். உண்டு. உண்டு. உண்டு. முப்பத்து நான்கும் உண்டு.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று நாற்காலியில் சாய்ந்தார். “எப்டிடா தப்பிச்சோம்?”

சமீராதான் பதில் சொன்னார். “நாம பொருத்தம்னு குடுத்த தாள எல்லாரும் அவங்கவங்க ஜோசியர்கிட்ட எடுத்துட்டுப் போயி ஒரு தடவ கேட்டுக்குவாங்க பாய். அங்க தள்ளிடுவாங்க. இல்லன்னு குடுத்தத யாரு போயி ரெண்டாவது தடவ கேக்கறா? கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த ஜாதகம் பார்ப்பாங்க.”

அது உண்மை. திருமழபாடியிலிருந்து வீரமுத்து ஜோசியர் இரண்டு தடவை ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், உங்கள் கம்ப்யூட்டருக்கு ரஜ்ஜு தெரியவில்லை என்று. தொழில் போட்டி என்று சிரித்தோம். அன்று சாயந்திரமே அவருக்குப் போன் போட்டேன். சுவாதிக்கும் மிருகசீரிடத்துக்கும் ரஜ்ஜு கேட்டதும் பத்து விநாடியில் “தாராளமா இருக்கு” என்றார். பிறகு பத்து நிமிடம் என்னைத் திட்டினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. “ஒனக்குத் தோதா நீயே மாத்திக்கிட்டியா?”

கோபம் சுருக்கென்று வந்தது. அடக்கிக்கொண்டேன், யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ராசாங்கமும் கேட்பார். அதோடு எட்டு மாதம். சுவாதி நட்சத்திரத்துக்கு இந்த ஊரில் மாப்பிள்ளையா இல்லை? அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

மறுநாள் காலை அரியலூர் பஸ் ஏறினேன். லேபில் ரத்தம், சிறுநீர் மாதிரிகளை வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஜோதி நின்றாள். என்னைப் பார்த்ததும், “யாருக்கு டெஸ்ட்டு?” என்றாள்.

“எனக்கு இல்ல. நான் போட்ட டெஸ்ட்டு தப்பாப் போயிடுச்சு.”

சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் சிறுநீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பழைய தாளையும் புதிய தாளையும் ஜன்னலில் வைத்து, பத்துப் பொருத்தமும் ஒரே ஃபங்ஷனில் ஒரே எண்ணைக் கையாண்டது, யோனி அதை மாற்றிவிட்டுப் போனது, ரஜ்ஜு அதை அப்படியே எடுத்துக்கொண்டது என்று தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவள் என்னைத் தடுத்தாள்.

“இருங்க. ஒரு ஆளு ரத்தம் எடுத்த குழாய கழுவாம, அப்டியே அடுத்த ஆளு ரத்தத்துல விட்டீங்க. அதானே?”

“அதேதான்.”

“இங்க அப்டிச் செஞ்சா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.” முகத்தில் சிரிப்பே இல்லை. “இப்ப?”

“இப்ப ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் குழாய்.”

புதிய தாளை எடுத்துப் படித்தாள். ரஜ்ஜு வரியில் விரல் நின்றது. நான் கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் நின்றேன். அவளே சொன்னாள். “ரெண்டு பேரு வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஒண்ணும் சரியா வரல.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ராசாங்கம் மாமாகிட்ட இன்னிக்கே வந்து பேசறேன்.”

“வேணாம்.” சட்டென்று சொன்னாள். “நம்மள மாதிரி எத்தன பேருக்கு இப்டி இல்லன்னு குடுத்திருக்கீங்க?”

எண்ணி வைத்திருந்தேன். “நம்மளோட சேர்த்து அம்பத்தொன்பது ஜோடி.”

“எங்க லேப்ல ரிப்போர்ட் தப்பாப் போச்சுன்னா அன்னிக்கு வந்த அத்தன பேரையும் கூப்புட்டுச் சொல்லுவோம். தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டோம். நீங்க உங்களுக்காகத்தான் மாத்துனீங்கன்னு எங்கப்பாவே சொல்லும். மொதல்ல அந்த அம்பத்தெட்டு ஜோடிக்கும் சொல்லுங்க, ரெண்டு வூட்டுக்கும். எங்களுக்குக் கடைசியாச் சொல்லுங்க.” பின்னால் நின்றவரின் பாட்டிலை வாங்கிக்கொண்டே கேட்டாள். “கோவப்படாம சொல்வீங்களா?”

நூற்றுப் பதினாறு போன். பாய் மறுப்புச் சொல்லவில்லை. “சொல்லித்தான் ஆவணும், பேரு போனாப் போவுது” என்றார். சமீரா நம்பரைத் தேடித் தேடிப் போட்டுக் கொடுக்க, நான் பேசினேன். சிலர் திட்டினார்கள். சிலருக்கு வேறு இடத்தில் முடிந்து குழந்தையே பிறந்திருந்தது. “அதுவும் நல்லதுக்குத்தான் தம்பி” என்றார்கள். மருதாயி என்ற ஒரு அம்மா, “அப்ப எம் பொண்ணு ராசியில்லாதவ இல்லையா?” என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் போனை வைக்காமல் அழுதது. அந்தப் பெண்ணை மூன்று இடத்தில் எங்கள் தாள் தள்ளியிருந்தது. “இல்லம்மா, தப்பு என்மேலதான்” என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரிடமும் கோபம் வரவில்லை. ஆறு ஜோடிகள் மறுபடியும் பேச்சை எடுத்தார்கள்.

மூன்று வாரம் ஆயிற்று. நூற்றுப் பதினேழாவது நம்பரைச் சமீரா போட்டுக் கொடுத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றார். நூற்றுப் பதினாறு தடவை சொன்ன வாசகம்தான், இந்தத் தடவை தாளில் எழுதி வைத்துப் படித்தேன்.

“ஐயா, பெரம்பலூர் திருமணத் தகவல் மையத்துலேருந்து பேசறேன். போன ஆனியில உங்களுக்கு ரஜ்ஜு இல்லன்னு நாங்க குடுத்தது தப்புங்க. ரஜ்ஜு இருக்கு. அந்தத் தப்பப் பண்ணினது நான்தான். மன்னிச்சுக்கணும்.”

அந்தப் பக்கம் ராசாங்கம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எல்லாருக்கும் சொல்லி முடிச்சாச்சா?”

“முடிச்சுட்டேங்க. நீங்கதான் கடைசி.”

“ஜோதி வந்து சொன்னதுமே, மூணு வாரம் முன்னாடியே எங்க ஊரு ஜோசியர்கிட்ட நான் பார்த்துட்டேன். இந்தப் பொண்ணுதான் என்னப் போன் பண்ண விட மாட்டேங்குது, அவங்களாக் கூப்புடட்டும்னு. டூட்டி முடிஞ்சா நேரா வந்து போனு பக்கத்துலயே உக்காந்துக்கறேன். ஒரு போன் பண்ண இவ்வளவு நாளா, மாப்ள?”

போனைச் சமீராவிடம் கொடுத்துவிட்டேன்.